கடல்பாசிச் சாற்றில் நான் கலந்தது

சேசு மரி சூசை துணை

மரக்காணம்,
22-6-76

மடத்துக்குக் கொடுத்த பிறகும் என் மகளாகவே இருக்கிற லீமாவுக்கு, உப்பளத்து சவரிராயன் எழுதுவது.

நானும் அம்மாவும் நோய்நொடி இல்லாமல் இருக்கிறோம். மலைக்குளிரில் உனக்கு வந்த இருமல் இதற்குள் விட்டிருக்கும் என்று நம்புகிறேன். கையெழுத்தைப் பார்த்து யாரோ என்று நினைத்திருப்பாய். எப்போதும் நான் சொல்லச் சொல்ல நம் கோயில் உபதேசியார் சகாயநாதன்தான் எழுதுவார். எழுத்து அச்சுப் போல இருக்கும், நடுவில் இரண்டு வேதவாக்கியமும் அவராகவே சேர்த்துவிடுவார். இதை அவரிடம் சொல்லி எழுத எனக்கு வாய் வரவில்லை. ஐந்தாவது படித்த எழுத்தில் நானே எழுதுகிறேன், பொறுத்துக்கொண்டு படி.

இந்த வருஷம் வெயில் நன்றாகக் காய்ந்தது. சித்திரையில் ஒரு மழை வந்து பாத்தியில் விளைந்து நின்ற உப்பைக் கரைத்துக்கொண்டு போனது, அதன்பிறகு குறையில்லை. அம்மாவின் சிவப்பு ஆடு இரண்டு குட்டி போட்டிருக்கிறது. இரண்டும் கிடா. கோயில் மணிக்குப் புதுக்கயிறு போட்டிருக்கிறார்கள்.

ஆடு, கயிறு என்று சுற்றிச் சுற்றி வருகிறேன், பார்த்தாயா. இதற்கு மேல் சுற்ற இடமில்லை. உங்கள் மடத்தில் கேட்டையும் தோட்டத்தையும் பார்த்துவந்த அப்பாவு அண்ணன் அந்தத் தோட்டத்தில் எந்த மருந்தும் அடிக்கவில்லை. மருந்தைக் கலந்தவன் நான். நான் அனுப்பிய பாசிச் சாற்றுக்குள்ளேயே அது இருந்தது. இதை முதல் பக்கத்திலேயே எழுதிவிட்டேன். கடைசியில் எழுதலாம் என்று வைத்துக்கொண்டால், தாள் தீர்ந்துபோச்சு என்று சாக்குச் சொல்லக்கூடிய ஆள் நான்.

இனி நடந்ததை நடந்தபடி சொல்கிறேன்.

மழைக்காலத்தில் உப்பளம் மூடிக்கிடக்கும் மூன்று மாதமும் நான் ஆரோவில் நாற்றுப்பண்ணைக்கு வேலைக்குப் போவது உனக்குத் தெரியும். அங்கே இருந்த வெள்ளைக்காரம்மா, கரை ஒதுங்கிய பாசியை ஊறவைத்து அந்தத் தண்ணீரைச் செடிக்குத் தெளிப்பார். சில நாள் இளநீரும் சேர்ப்பார். செடியை வளரத் தூண்டும் சத்து இதிலெல்லாம் தானாகவே இருக்கிறது, கொஞ்சமாக இருக்கிறது, கூட வேறு சத்துகளும் இருக்கின்றன, அதனால் செடி பயப்படாமல் எடுத்துக்கொள்ளும் என்று பாதி தமிழிலும் பாதி இங்கிலீஷிலும் சொல்வார். கடையில் விற்கும் மருந்து அப்படி இல்லை, ஒரே சத்தைத் தனியாகப் பிரித்துக் கெட்டியாக வைத்திருப்பது, அளவு தப்பினால் செடியைக் கிறுக்காக்கிவிடும் என்றும் சொன்னார். கடைசியில் சொன்னதை நான் சரியாகக் காதில் வாங்கவில்லை.

உன்னைத் தோட்டத்துக்குப் பொறுப்பாகப் போட்டதும் நீ எழுதினாய். அனாதைப் பிள்ளைகள் நாற்பது பேர் சாப்பிடும் காய், அதனால் கடை மருந்து எதுவும் தோட்டத்துக்குள் வரக்கூடாது என்பது மதர் அவர்களின் கட்டளை, நீங்கள் ஆரோவில்லில் என்ன போடுகிறீர்கள் அப்பா என்று கேட்டாய். எனக்குத் தலைகால் புரியவில்லை. என் மகள் என்னிடம் யோசனை கேட்கிறாள் என்று பார்த்தவனிடமெல்லாம் சொன்னேன்.

முதல் வருஷம் அனுப்பிய சாறு சுத்தமானது. அதை இன்றைக்கும் கோயிலில் நின்று சொல்வேன். அனுமந்தைக் கரையில் முழங்கால் தண்ணீரில் நின்று பாசி அள்ளினேன். கிணற்றுத் தண்ணீரில் அலசி அலசி, கடைசித் தண்ணீரை நாக்கில் வைத்துப் பார்த்தேன். உப்பளத்தான் நாக்கு, துளி கரித்தாலும் சொல்லிவிடும். விபூதிப் புதனன்று பானையில் போட்டு மூடினால் ஈஸ்டர் கழித்துத்தான் திறப்பேன். அந்த நாற்பது நாளும் வீட்டில் அடித்த வாடைக்கு, உன் அம்மா தவக்காலத்துக்கு வேறு ஒறுத்தலே தேவையில்லை என்றாள்.

அந்த வருஷம் உங்கள் தோட்டம் சுமாராகத்தான் வந்தது. நீ எழுதியது எனக்கு மனப்பாடம். தக்காளி பூக்கிறது, பூ நிற்காமல் கொட்டிவிடுகிறது, மதர் சந்தையிலிருந்து காய் வாங்கிவர ஆள் அனுப்பினார், எனக்கு வெட்கமாக இருக்கிறது அப்பா என்று எழுதியிருந்தாய். நீ சின்னப் பிள்ளையில் கோயிலில் பாட்டு மறந்துபோய் நின்றபோது உன் முகம் எப்படி இருந்ததோ, அந்த முகம் அந்தத் தாளில் தெரிந்தது. என்னால் தாங்க முடியவில்லை.

பண்ணையில் என்னோடு வேலை செய்த கிளியனூர் கலியமூர்த்தியை உனக்குத் தெரியும், நீ கன்னியாஸ்திரியாக வார்த்தைப்பாடு கொடுத்த அன்றைக்கு ஒரு தார் வாழைப்பழம் கொடுத்தனுப்பினான். அவனுக்கு ஊரில் மிளகாய்க்கொல்லை இருக்கிறது. பூ கொட்டாமல் நிற்க ஒரு ஹார்மோன் மருந்து அடிக்கிறான். சின்ன பாட்டில். அவன் சொன்னது இது: "இதுல விஷம் கிஷம் ஒண்ணும் கெடையாது சவரி. செடிக்குள்ள ஊறுற சத்துதான். அத பேக்டரில செஞ்சி பாட்டில்ல அடச்சிருக்கான், அவ்ளோதான். ஒரு மூடி ஊத்து, பூவு அப்பிடியே நிக்கும்." அவனைக் குறை சொல்ல மாட்டேன். அவன் தன் கொல்லைக்குத் தெரிந்தே அடிக்கிறான், யாரிடமும் மறைக்கவில்லை, அந்த மிளகாயை அவனே தின்கிறான். செடிக்குள் இருப்பதுதானே பாட்டிலிலும் இருக்கிறது, அப்புறம் என்ன இயற்கை, என்ன செயற்கை என்று நான்தான் எனக்கு நானே வக்கீல் வைத்துக்கொண்டேன். அது உண்மையாகவே குற்றமில்லாத காரியமாக இருந்தால் உனக்கு எழுதிவிட்டு அல்லவா ஊற்றியிருப்பேன். அடுத்த வருஷச் சாற்றைத் தகரத்தில் ஊற்றி, யாராவது வருகிறார்களா என்று வாசலைப் பார்த்துவிட்டு, தகரத்துக்கு ஒரு மூடி கலந்தேன். உன் அம்மா கோயிலுக்குப் போன நேரம் பார்த்து அதைச் செய்தேன்.

அந்த வருஷம் உங்கள் தக்காளி எப்படிக் காய்த்தது என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. கூடையோடு நீயும் அப்பாவு அண்ணனும் நிற்கிற போட்டோவை அனுப்பினாய். அதைக் கண்ணாடி போட்டு சூசையப்பர் படத்துக்குப் பக்கத்தில் மாட்டினேன். பிஷப் ஆண்டவர் மடத்துக்கு வந்து சாப்பிட்டுவிட்டு, செடிக்கு என்ன போடுகிறீர்கள் என்று கேட்டதாகவும், எங்க அப்பா கடல்ல நின்னு அள்ளினதுங்க, வேற ஒண்ணும் கெடையாதுங்க என்று நீ சொன்னதாகவும் எழுதினாய். அந்தக் கடிதத்தை டீக்கடையில் நாலு தடவை படிக்கச் சொல்லிக் கேட்டேன். கேட்கும்போது காது சுட்டது. ஆனாலும் கேட்டேன்.

இந்த வருஷத்துக் கூத்து இதைவிட மோசம். நாலு தகரம் தயார் பண்ணியிருந்தேன். சேலம் போகிற உப்பு லாரிக்காரன் ஒன்றுதான் ஏற்றுவேன் என்றுவிட்டான். உப்பளத்துக்காரனுக்குத் தெரிந்த வித்தை ஒன்றே ஒன்று, தண்ணீரை வெயிலில் பரப்பினால் சரக்கு தங்கும். நாலு தகரத்துச் சாற்றையும் அகலத் தொட்டியில் ஊற்றி, ஈஸ்டர் முடிந்த வாரம் ஒன்பது நாள் வெயிலில் வற்றவைத்து ஒரு தகரமாக்கினேன். நாக்கில் வைத்துப் பார்த்தேன், கரித்தது. பாசியில் மிச்சம் இருந்த உப்பெல்லாம் ஒன்றாகச் சேர்ந்து நின்றது. கரித்தும் விட்டுவிட்டேன். நாலு தகரத்துக்கு நாலு மூடி மருந்து என்று கணக்குப் போட்டவன், போன வருஷப் புகழை நினைத்துக்கொண்டு எட்டு மூடியாக ஊற்றினேன். எல்லாம் அந்த ஒரு தகரத்துக்குள் போயிற்று. அதோடு விட்டேனா. சாறு இந்தத் தடவை கெட்டியாக இருக்கிறது, நீ தண்ணீரைக் கூட்டாதே, பழைய அளவே ஊற்று, இன்னும் ஜோராக வரும் என்று உபதேசியாரை வைத்து எழுதியும் அனுப்பினேன். நீ உன் அப்பா சொன்னபடி செய்தாய்.

மே மாதம் உன் கடிதம் வந்தது. தக்காளி இலையெல்லாம் கீழே சுருண்டு முறுக்கிக்கொண்டது, ஓரம் கருகிப்போனது, பூ மொத்தமும் கொட்டிவிட்டது, தண்டில் வேர் முளைத்து நிற்கிறது என்று எழுதியிருந்தாய். வேளாண்மை ஆபீசர் வந்து பார்த்து, இது ஹார்மோன் மருந்து அளவு மீறி விழுந்தது, சந்தேகமே இல்லை என்று சொன்னதாகவும் எழுதியிருந்தாய். நான் உடனே சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளியனூருக்குப் போனேன். கலியமூர்த்தி கேட்டுவிட்டு, "மூடிக் கணக்குல ஊத்துறத டம்ளர் கணக்குல ஊத்திட்டியே சவரி, செடி என்னாத்துக்கு ஆவும்" என்றான். எனக்குத் தெரிந்துவிட்டது. கருகியது என் உப்பு, முறுக்கியது என் மருந்து.

அதே கடிதத்தில்தான், அப்பாவு அண்ணன் லீவு நாளில் காபித் தோட்டத்துக்கு மருந்தடிக்கப் போகிறவர், அங்கிருந்து கொண்டுவந்து அடித்துவிட்டாரோ என்று மதர் சந்தேகப்படுவதாக எழுதியிருந்தாய். அப்பாவின் சாறு காரணமாக இருக்காது என்று நான் உறுதியாகச் சொல்லிவிட்டேன் என்றும் எழுதியிருந்தாய்.

அன்றைக்கே உனக்குத் தந்தி அடித்திருக்க வேண்டும். அதற்குப் பதில் உபதேசியார் வீட்டுக்குப் போய் உட்கார்ந்து, அந்த ஆளுக்கு நல்ல புத்தி வர வேண்டிக்கொள்வோம் என்று சொல்லி எழுதவைத்தேன். லீமா, நான் மருந்து கலந்ததைக்கூட ஒரு பக்கம் வைத்துவிடலாம். இந்த ஒரு வரியை என்னால் எங்கேயும் வைக்க முடியவில்லை. அந்தக் கடிதத்தைக் கிழித்துப்போடு. இல்லை, கிழிக்காதே, இதோடு சேர்த்து மதரிடம் கொடு. இரண்டையும் அவர்கள் பார்க்கட்டும்.

போன வியாழக்கிழமை உன் அடுத்த கடிதம் வந்தது. அப்பாவு அண்ணனை வேலையை விட்டு நிறுத்திவிட்டார்கள் என்றும், அவர் கையில் கற்பூரத்தைக் கொளுத்தி, நான் எதையும் அடிக்கவில்லை என்று சத்தியம் பண்ணி உள்ளங்கையால் அணைத்தார் என்றும் எழுதியிருந்தாய். பொய்ச்சத்தியம் செய்ய எப்படித்தான் மனம் வருகிறதோ, அவருக்காகத் தினமும் ஜெபமாலை சொல்கிறேன் என்று முடித்திருந்தாய்.

அந்தக் கை சுட்டிருக்கும் லீமா. வேலைக்காரக் கையாக இருந்தாலும் சுட்டிருக்கும்.

நீ வார்த்தைப்பாடு கொடுத்த அன்றைக்கு நான் மலைக்கு வந்தது உனக்கு ஞாபகம் இருக்கும். அதற்கு முன் நடந்தது உனக்குத் தெரியாது, நீ உள்ளே இருந்தாய். விடியற்காலையில் பஸ் விட்டு இறங்கி, ஒற்றை வேட்டியோடு உங்கள் கேட்டுக்கு வெளியே நடுங்கிக்கொண்டு நின்றேன். கடற்கரைக்காரனுக்குக் குளிரைப் பற்றி என்ன தெரியும். கேட்டைத் திறந்தவர் அப்பாவு அண்ணன். யார், என்ன என்று கேட்பதற்கு முன்பே தன் தோளில் இருந்த கம்பளியை எடுத்து என் மேல் போட்டார். லீமாவின் அப்பா என்று சொன்னதும், அந்தப் பொண்ணு கைபட்டா எதுவும் முளைக்குதுங்க என்றார். திரும்பும்போது கம்பளியைக் கொடுத்தேன், வேண்டாம், போகிற வழியில் குளிரும் என்று வாங்கவில்லை. அது இப்போதும் நம் வீட்டுக் கொடியில் கிடக்கிறது. உன் கடிதம் வந்த நாளிலிருந்து அந்தப் பக்கம் திரும்பாமல் நடக்கிறேன்.

சனிக்கிழமை பாவசங்கீர்த்தனத்துக்கு வரிசையில் நின்றேன். எனக்கு முன்னால் இரண்டு பேர் இருக்கும்போது திரும்பி வந்துவிட்டேன். பயத்தால் இல்லை. சாமியாரிடம் சொன்னால் அது அவரோடு அடங்கிவிடும். எனக்கு மன்னிப்புக் கிடைத்துவிடும், அப்பாவு அண்ணனுக்கு வேலை கிடைக்காது. அதனால் முதலில் உனக்கு எழுதுகிறேன். சாமியாரிடம் பிறகு போகிறேன்.

உன் அம்மாவிடம் ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வரும் வழியில் சொன்னேன். அவள் நடையை நிறுத்தவில்லை. வீட்டுக்கு வந்து சோறு போட்டாள், குழம்பு ஊற்றினாள். சாயங்காலம் பார்த்தால் சூசையப்பர் பக்கத்தில் இருந்த போட்டோவைக் காணோம், ஆணி மட்டும் இருந்தது. கேட்டதற்கு, "அந்த மனுசன் நம்மள பாத்துக்கினே இருக்காரு, எப்பிடி சோறு எறங்கும்" என்றாள். அதற்குப் பிறகு ஆட்டுக்குட்டிகளோடுதான் பேசுகிறாள்.

இப்போது நீ செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். சொல்லும் யோக்கியதை எனக்கு இல்லைதான். இந்தக் கடிதத்தை மதர் அவர்களிடம் கொடு. எதையும் மடித்து மறைக்காமல் முழுசாகக் கொடு. அப்பாவு அண்ணனுக்குப் படிக்கத் தெரியாது என்று நீதான் ஒரு தடவை எழுதினாய். அதனால் அவர் வீட்டுக்கு ஆள் அனுப்பாமல் நீயே போய், அவர் முன்னால் உட்கார்ந்து, முதல் எழுத்திலிருந்து படித்துக்காட்டு. படிக்கும்போது உனக்கு அழுகை வந்தால் வரட்டும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். கோபித்துக்கொள். மருந்து கலந்தது நான், பொய் எழுதியது நான். ஆனால் கற்பூரத்தை அணைத்த மனுஷனை நம்பாதது நீ. உன் அப்பன் எழுதிய தாளை நம்பினாய், கண்ணெதிரே சுட்ட கையை நம்பவில்லை. நம் சத்தியம் சத்தியம், அவர் சத்தியம் சும்மா என்று உனக்குள் எங்கேயோ இருந்திருக்கிறது. அதை உனக்குள் விதைத்ததும் நான்தானோ என்னவோ. அவரிடம் மன்னிப்புக் கேட்கும்போது உன் பங்கையும் சேர்த்துக் கேள்.

தகரத்தில் மிச்சம் இருக்கும் சாற்றைச் செடி இல்லாத இடத்தில் குழி வெட்டிக் கொட்டிவிடு. முறுக்கிய செடிகளைப் பிடுங்கி எரித்துவிடு, எருக்குழியில் போடாதே. அந்தப் பாத்திக்கு நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவு, கொஞ்ச நாள் சும்மா போடு. போன வருஷக் காயைச் சாப்பிட்ட பிள்ளைகளுக்கு ஒன்றும் ஆகவில்லை என்பது எனக்குக் கொஞ்சம் நிம்மதி. ஆனால் ஒன்றும் ஆகாது என்று தெரிந்துகொண்டு நான் ஊற்றவில்லை, தெரியாமலேதான் ஊற்றினேன். அதை நினைத்தால்தான் தூக்கம் பிடிக்கவில்லை. இனி தோட்டத்துக்கு என்னை நம்பி எதையும் ஊற்றாதே. பூ கொட்டினால் கொட்டட்டும். அப்பாவு அண்ணன் திரும்பி வந்தால் அவரைக் கேள், அந்த மண் அவருக்குத்தான் தெரியும்.

மகளைக் காப்பாற்ற அப்பன் பழியைத் தலையில் போட்டுக்கொள்கிறான் என்று மதர் நினைக்கக்கூடும். அதற்காக மருந்து பாட்டிலை வைத்திருக்கிறேன். அடியில் இன்னும் கொஞ்சம் இருக்கிறது. தபாலில் உடையும், கையிலேயே கொண்டுவருகிறேன். வருகிற ஜூலை மூன்றாம் தேதி சனிக்கிழமை, தோமையார் திருநாளன்று, காலை பஸ்ஸில் வந்து இறங்குவேன். கம்பளியைத் துவைத்துக் காயவைத்திருக்கிறேன்.

வந்தால் கேட்டுக்கு வெளியேதான் நிற்பேன். நீ ஓடிவந்து திறக்காதே, வேறு சிஸ்டர்களையும் அனுப்பாதே. மதரிடம் கெஞ்சிக் கேட்டு அப்பாவு அண்ணனை அன்றைக்குள் வேலைக்குக் கூப்பிட்டிருந்தால், கேட்டைத் திறக்கிற வேலை அவருடையதுதானே, அவர் திறக்கட்டும். திறக்க அவருக்கு மனமில்லை என்றால் அது நியாயம்தான். கம்பளியையும் பாட்டிலையும் கேட்டுக் கம்பியில் வைத்துவிட்டு அடுத்த பஸ்ஸில் திரும்பிவிடுகிறேன். நீ அப்போது உள்ளேயே இரு.

ஒவ்வொரு கடிதத்தின் அடியிலும் உனக்கு ஆசீர்வாதம் எழுதச் சொல்வேன். இன்றைக்கு எழுதக் கை வரவில்லை. அவர் திறந்துவிட்டால் உள்ளே வந்து, சின்னப் பிள்ளையில் செய்தது போல் உன் நெற்றியில் சிலுவை போடுகிறேன். அதுவரைக்கும் அப்பாவு அண்ணனுக்கென்று சொன்ன ஜெபமாலையை எனக்கென்று சொல், அம்மா.

இப்படிக்கு,
உன் அப்பா என்று எழுத ஆசைப்படும்
சவரிராயன்